தண்ணி மாத்தணுமாம், தண்ணி!

ஞாயித்துக்கிழமை காலையில பத்தரை மணி. கடல் தண்ணி மீன் தொட்டியில விளக்கு எரிய ஆரம்பிச்சு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. டார்ச்ங்கிற உயிர்ப் பவளம் இன்னும் மூடியே கிடக்கு. முந்தாநேத்து வரைக்கும் பச்சை விரலை எல்லாம் நீட்டி ஆட்டிக்கிட்டு இருந்த பவளம். இன்னிக்கு அத்தனையையும் ஓட்டுக்குள்ள இழுத்துக்கிட்டு, பந்தியில அப்பளம் வைக்க மறந்துட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்ட சம்பந்தியம்மா மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ஃபோட்டோ எடுத்து கடைக்காரருக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷம் ஆகல, பதில் வந்துருச்சு.

"தண்ணி மாத்துங்க சார்."

யோவ், வெள்ளிக்கிழமைதான்யா மாத்தினேன்! நாப்பது லிட்டர்! ஆர்ஓ தண்ணி பிடிச்சு, உப்பு கரைச்சு, ராத்திரி பூரா பம்ப் போட்டுச் சுழல விட்டு, சில்லர் 26 டிகிரி காட்டுதான்னு பார்த்து, கைக்குழந்தைக்கு வெந்நீர் ஊத்துற மாதிரி ஊத்தினேன். அதுக்கு அப்புறம்தான் இது மூடிக்கிச்சு. அப்படியும் தண்ணி மாத்தணுமாம். காய்ச்சல்னு போனாலும் கால் உடைஞ்சுதுன்னு போனாலும் ஒரே மாத்திரையை எழுதித் தர்ற டாக்டர் உண்டே, இந்த உலகத்துல அந்த மாத்திரைக்குப் பேரு தண்ணி.

அது முடிஞ்சா அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். "பாராமீட்டர் என்ன?"

இந்தாங்க, எழுதிக்குங்க. உப்பு 35. கேஎச் 8.3. கால்சியம் 430. மெக்னீசியம் 1320. நைட்ரேட் 8. பாஸ்பேட் 0.06. சூடு 26. ஜாதகம் போதுமா? பத்துக்குப் பத்து பொருத்தம். இவ்வளவு லட்சணமான தண்ணி வெளியில கடல்லயே இருக்குமான்னு தெரியல. "நம்பர் எல்லாம் சூப்பர் சார். ஸ்டேபிளா வச்சிருங்க, அது போதும்"னு பவளத் தொட்டி குரு ஒருத்தர் சொல்றார். ஸ்டேபிளா இல்லாதது நான் ஒருத்தன்தான் குருவே.

கேஎச்னு சொன்னேனே, தண்ணியில கார்பனேட் எவ்வளவுங்கிற கணக்கு, அந்தச் சனியனைப் பத்திப் பேசியே ஆகணும். மே மாசத்துக் கதை அது. இன்னும் ஆறல.

மே மாசம் ஊர்லேர்ந்து மாமனார், மாமியார், மச்சான், அவன் சம்சாரம், ரெண்டு பசங்கன்னு ஆறு பேர் வந்து இறங்கினாங்க. எங்க வீடு வீவக, அதாவது சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடி, 11வது மாடி, மூணு ரூம். இருக்குறதே ஹாலும் ரெண்டு படுக்கையறையும்தான். ஆறு பேருக்கும் ஹால்லயே பாய். சிங்கப்பூர் புழுக்கம்தான் தெரியுமே, ஜன்னலைச் சாத்தி ராத்திரி பகல்னு ஏசி. ரெண்டாவது நாளே டார்ச் சுருங்கிடுச்சு. மாமா குனிஞ்சு பார்த்துட்டு, "என்ன மாப்ள, செத்துருச்சா?"ன்னார். 180 சிங்கப்பூர் வெள்ளி குடுத்து வாங்கினது மாமா, அப்படிச் சொல்லாதீங்க. வெலையைக் கேட்டதும் அவர் மொகத்தைப் பார்க்கணுமே. அவருக்கு ராமேஸ்வரத்துக்கிட்ட மண்டபம் பக்கம். "எங்க சின்ன வயசுல இதை வள்ளம் வள்ளமா வெட்டிட்டு வந்து காளவாசல்ல போட்டுச் சுண்ணாம்பு சுடுவாங்க மாப்ள." சுட்டாங்க, ஒத்துக்கிறேன். இன்னிக்கு அதே ஊர்ல ஒரு துண்டு வீட்டுல இருந்தா உள்ள தூக்கி வச்சிருவான். 2001லயே கல் பவளத்தை எல்லாம் வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்குற அதே முதல் அட்டவணையில சேர்த்துட்டாங்க. அதைச் சொன்னதுலேர்ந்து மாமா தொட்டிக்கு ரெண்டடி தள்ளியே நின்னார்.

சரி, கேஎச் பார்த்துருவோம்னு ராத்திரி பதினொரு மணிக்கு டெஸ்ட் கிட்டை எடுத்தேன். நாலு மில்லி தொட்டித் தண்ணி. அதுல இண்டிகேட்டர் சொட்டு விட்டா நீலமாகும். அப்புறம் ஒரு மில்லி ஊசிக்குழல்ல மருந்தை உறிஞ்சிக்கிட்டு, சொட்டுச் சொட்டா விட்டு ஆட்டி, நிறம் மாறுற இடத்துல நிறுத்தணும். படிக்கச் சுலபமா இருக்கா? குழலுக்குள்ள மருந்துக்கு மேல கொஞ்சம் காத்து நிக்கும் பாருங்க. அளவை மருந்து மட்டத்துல பார்க்கணுமா, கறுப்பு ரப்பர் மட்டத்துல பார்க்கணுமா? ரப்பர்லதான் பார்க்கணும். அதைக் காகிதத்தோட பின்பக்கம் எறும்பெழுத்துல போட்டிருக்கான். முதல் ஆறு மாசம் நான் மருந்து மட்டத்தைப் பார்த்துத்தான் குடும்பம் நடத்தினேன்.

சொட்டு விடறேன். நீலம். சொட்டு, நீலம். சொட்டு, நீலம். இன்னொரு சொட்டு விட்டதும் என்னவோ ஆச்சு. ஆரஞ்சா, பிங்க்கா? மாறிடுச்சா, மாறப் போகுதா?

"இது பீச் கலருங்க"ன்னா வீட்டம்மா.

"கனகாம்பரம்"னாங்க அத்தை.

"எனக்கு நீலமாத்தான் தெரியுது மாப்ள"ன்னார் மாமா. அவருக்குக் கண்புரை ஆபரேஷன் பாக்கி.

மச்சான் போனை எடுத்துப் படம் பிடிச்சு, பெருசாக்கிப் பார்த்து, "மாமா, இது சால்மன்"னான். அவன் பையன் எந்திரிச்சு வந்து, "எனக்கும் ஜூஸ்"னான்.

ஹால் விளக்கு மஞ்சள், அதுல எந்த நிறம் தெரியும்? குப்பியைத் தூக்கிக்கிட்டு வெளிய தாழ்வாரத்து வெள்ளை விளக்குக்கு ஓடினேன். பனியனும் கைலியுமா, ராத்திரி பதினொன்றரைக்கு, கையில செவப்பா ஒரு சின்னக் குப்பியை உயர்த்திப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கண்ணால பார்த்துக்கிட்டு நிக்கிறேன். லிஃப்ட் திறக்குது. பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி. அவங்க என்னைப் பார்த்தாங்க, குப்பியைப் பார்த்தாங்க. எதுவும் கேட்கல. அந்த வாரம் பூரா அவங்க வீட்டு இரும்புக் கதவுல ஒரு பூட்டுக்கு ரெண்டு பூட்டு தொங்குச்சு.

கேஎச் 8. ஒரு குறையும் இல்ல. பிஎச் மட்டும் 7.78. அங்கதான் நான் கெட்டேன். குருவுக்குப் போன் போட்டேன். "ஐயோ, 8.1 இருக்கணும், பஃபர் போடுங்க"ன்னார். பஃபர்ங்கிறது பிஎச்சை ஏத்துற பொடி, டப்பா 28 வெள்ளி. உள்ள என்னடான்னு தேடிப் படிச்சா, பாதிக்கு மேல நம்ம ஆப்ப சோடா! ஆப்ப சோடாவை அப்படியே போட்டா பிஎச் அவ்வளவா ஏறாது. ஓவன்ல ஒரு மணி நேரம் வறுத்தா அது வாஷிங் சோடா ஆகும், அதைப் போட்டா ஏறும். வறுத்தேன். போட்டேன். பிஎச் ஏறுச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா பழையபடி 7.8. மறுபடி போட்டேன். மறுபடி இறங்குச்சு. நாலு நாள் இந்தக் கூத்து. அஞ்சாம் நாள் காலையில அத்தை அடுப்படியில டப்பா டப்பாவாத் தேடறாங்க. "மாப்ள, ஆப்பத்துக்கு சோடா உப்பு வச்சிருந்தேனே, பார்த்தீங்களா?" தொட்டிக்குள்ள இருக்கு அத்தை.

அன்னிக்கு கேஎச் 12.1.

இந்த இடத்துல கையைத் தலையில வச்சுக்கிட்டவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. பவளம் தண்ணியிலேர்ந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் எலும்பு கட்டுது, அதுக்குத்தான் கேஎச் வேணும். நாலு நாள்ல நாலு டிகிரி ஏத்தினா? பக்கத்துல இருந்த மோன்டிபோரா பவளம் ஓரமெல்லாம் வெளுத்துச்சு. பம்பைக் கழட்டினா உள்ள வெள்ளையாப் படிஞ்சு கிடக்கு. மாமா ரெண்டடி தள்ளி நின்னபடியே எட்டிப் பார்த்துட்டு, "மாப்ள, இது எங்க ஊர்ச் சுண்ணாம்புல்ல"ன்னார். ஆமா மாமா. காளவாசலே இல்லாம சுண்ணாம்பு தயாரிச்ச முதல் மாப்பிள்ளை உங்க மாப்பிள்ளைதான்.

ஜூன் ரெண்டாம் தேதி எல்லாரையும் சாங்கி ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தேன். வீடு வெறிச்சுன்னு இருந்துச்சு. ஏசியை அமர்த்தி ஜன்னலைத் திறந்து விட்டேன். மறுநாள் மத்தியானம் பிஎச் 8.14. நான் ஒரு துளி கூடப் போடல! அப்பதான் மண்டையில உறைச்சுது. பூட்டின வீட்டுக்குள்ள எட்டுப் பேர் விட்ட மூச்சு. அந்தக் கரியமில வாயு தண்ணியில கரைஞ்சுதான் பிஎச் இறங்கியிருக்கு. சோடாவை எவ்வளவு கொட்டினாலும் மேல இருக்குற காத்து மறுபடி கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே இழுத்துட்டு வந்துரும். ஒரு ஜன்னலைத் திறந்திருந்தா முடிஞ்சிருக்கும். இல்ல, காத்துக் குமிழ் விட்டு அழுக்கை எடுக்குற ஸ்கிம்மரோட காத்துக் குழாயை ஜன்னலுக்கு வெளிய நீட்டியிருந்தாக் கூடப் போதும். 7.8ல ஒண்ணும் கெட்டுப் போயிருக்காது, எத்தனையோ தொட்டி அப்படியேதான் ஓடுது. குருவே, "வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க, ஜன்னல் திறந்திருக்கா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

அதுக்கப்புறம் கேஎச்சை எட்டுக்குக் கொண்டு வர மூணு வாரம். நடுவுல கடைக்காரர், "இங்க குழாய்த் தண்ணியில கிருமி கொல்ல குளோரமின் சார், சாதாரண கார்பன் தாங்காது"ன்னு சொல்லி ஆர்ஓவுக்குப் புதுக் கார்ட்ரிட்ஜ் வித்தார். குளோரமின் விஷயம் நெஜம்தான். ஆனா என் வீட்டுக் கார்ட்ரிட்ஜ் மாத்தி ஒரு மாசம் கூட ஆகல. அப்புறம் வெளிச்சம் ஜாஸ்தின்னார், குறைச்சேன். அலை ஜாஸ்தின்னார், வேவ்மேக்கரைத் திருப்பினேன். டார்ச் ரெண்டு நாள் விரியும், மூணாம் நாள் மூடும். இன்னிக்கு மறுபடி மூடி, மறுபடி தண்ணி மாத்தணுமாம்.

போங்கடான்னு கிட்டை உள்ள வச்சிட்டேன். கோப்பி போட்டு எடுத்துக்கிட்டு தொட்டிக்கிட்டப் போகாம சோஃபாவுலயே உக்காந்தேன். எந்தச் சொட்டும் விடல, எந்தக் குப்பியையும் ஆட்டல. இருபது நிமிஷம் இருக்கும். எங்க வீட்டுக் கோமாளி மீன், பெரியது, பொம்பளை, மெதுவா நகர்ந்து டார்ச்கிட்டப் போச்சு. இப்படி அப்படிப் பார்த்துச்சு. அப்புறம் உடம்பை வளைச்சு உள்ள புகுந்து, மெத்தையில விழுந்த கைப்பிள்ளை மாதிரி பெரண்டு பெரண்டு தேய்க்குது. முதுகைத் தேய்க்குது, வயித்தைத் தேய்க்குது. வாலால பளார் பளார்னு அறையுது. டார்ச் இன்னும் கொஞ்சம் உள்ள போச்சு.

கடல்ல அதுக்கு சாமந்தி மாதிரி விரிஞ்ச கடல் அனிமோன் உண்டு. என் தொட்டியில இல்ல. அதனால 180 வெள்ளிப் பவளத்தை மெத்தையாக்கிக்கிச்சு. ஏன் இத்தனை நாள் என் கண்ணுல படல? நான் தொட்டிக்கிட்டப் போனாலே சோறு வந்துச்சுன்னு நெனச்சு அது ஓடி வந்து கண்ணாடியில மூக்கை முட்டிக்கிட்டு ஆடும். நான் குப்பியோட நகர்ந்ததும் திரும்பிப் போய் படுத்துக்கும்.

15 வெள்ளி மீன். நான் டெஸ்ட் கிட்டுக்கு மட்டும் இதுவரைக்கும் 300 வெள்ளிக்கு மேல அழுதிருக்கேன்.

சிரிச்சேன். கோப்பி மூக்குல ஏறுற அளவுக்குச் சிரிச்சேன். வீட்டம்மா அடுப்படியிலேர்ந்து வந்து பார்த்துட்டு, "அதான் நான் போன மாசமே சொன்னேனே, அந்த மீனு அதுலதான் தூங்குதுன்னு"ன்னா.

எப்ப சொன்ன?

"நீங்க சொட்டு எண்ணிக்கிட்டு இருந்தீங்க."

டார்ச்சைத் தூக்கி அந்தக் கோடிக்கு மாத்தி வச்சிருக்கேன். மீன் அதைத் தேடிக்கிட்டு இருக்கு. கடைக்காரருக்குச் சொல்லலாம்னு போனை எடுத்து, வேண்டாம்னு வச்சிட்டேன். மீனுக்கு அனிமோன் வாங்கச் சொல்லுவார்.

இப்ப மணி ராத்திரி பதினொன்றே முக்கால். நிம்மதியாத் தூங்கலாம்னு படுத்தா, மேல் வீட்டுல கோலிக்குண்டு உருளுது. டக், டக், டட்டட்டட், உருஉருன்னு ஓடிப் போய் ஒரு மூலையில நிக்குது. அந்த வீட்டுல சின்னப் பிள்ளைங்க யாரும் இல்ல. வயசான தாத்தாவும் பாட்டியும்தான். வீவக வீட்டுல இருக்குற யாரை வேணும்னாலும் கேளுங்க, எல்லார் வீட்டுக்கு மேலயும் இது உருளும். குழாயில தண்ணி அழுத்தம்ங்கிறாங்க, கான்கிரீட் சத்தம்ங்கிறாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு யாருய்யா அங்க கோலி ஆடறது?