பெஞ்சமின் லே நாகரிகமாகப் பேசியிருக்க வேண்டுமா?

பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமை முறையை மூர்க்கமாக எதிர்த்தவர் பெஞ்சமின் லே. குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். அவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "நல்ல மனுஷன்தான், ஆனா கொஞ்சம் நாகரிகமா எதிர்த்திருக்கலாம்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

நாகரிகமாகச் சொன்னவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். 1688-லேயே அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமை முறையைக் கண்டித்துக் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். குவேக்கர் சபையின் மாதக் கூட்டம் அதைக் காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது, அது ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது, அங்கே கிடப்பில் போட்டார்கள். போர் பாவம், எல்லா மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்று சொல்லும் குவேக்கர் சபை இது! ஐம்பது வருஷம் கழித்தும் அதன் பணக்காரர்கள் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள்.

லே இங்கிலாந்தின் எசெக்ஸில் 1682-ல் பிறந்தவர். உயரம் நாலடி, முதுகில் கூன். கப்பலில் வேலை பார்த்தவர். பிறகு மனைவி சாராவோடு கரீபியன் தீவான பார்படோஸில் சின்னதாக ஒரு கடை நடத்தினார். அங்கே பீப்பாய் செய்யும் அடிமைத் தொழிலாளி ஒருவரை அவருடைய முதலாளி திங்கள்கிழமைதோறும் சவுக்கால் அடிப்பான். அடுத்த திங்கள் அடிக்குப் பயந்து அந்த மனிதர் ஒரு ஞாயிறு இரவு உயிரை மாய்த்துக்கொண்டார். இதைத் தன் புத்தகத்தில் எழுதிய லே, தன் கடையில் பசிக்குத் திருடியவர்களைத் தானும் அடித்ததை அதே புத்தகத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தக் குற்றவுணர்ச்சி அவரைக் கடைசிவரை விடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அடிமைகள் உழைப்பில் வந்த சர்க்கரையைத் தொட மாட்டார். தன் துணியைத் தானே நூற்றுக்கொண்டார்.

பின்னால் லே பென்சில்வேனியாவில் குடியேறினார். 1738-ல் அமெரிக்காவின் பர்லிங்டனில் குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம். மேலங்கிக்குள் ராணுவ உடுப்பு, இடுப்பில் வாள், கையில் உள்ளே குடைந்த புத்தகம், அதற்குள் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பை. லே எழுந்து நின்றார். சக மனிதரை அடிமையாக வைத்திருப்பவர்களின் ரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்துவார் என்று சொல்லி வாளைப் புத்தகத்தில் பாய்ச்சினார். சாறு பீறிட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம் தெறித்தது. அவரைத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பே அவரைச் சபையை விட்டும் நீக்கியிருந்தார்கள்.

ஜான் உல்மன் போன்ற குவேக்கர் போதகர்கள் பின்னால் வீடுவீடாகப் போய் மென்மையாகப் பேசித்தான் மனங்களை மாற்றினார்கள் என்பார்கள். அந்த உழைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் லே அந்தக் கூட்டங்களின் நிம்மதியைக் கெடுக்காமல் இருந்திருந்தால் உல்மனுக்கு எத்தனை கதவு திறந்திருக்கும்?

அடிமைகளை வாங்கி விற்பவர்கள் மேல் நடவடிக்கை எடுப்பதாக 1758-ல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது. சேதி கேட்டு, இனி நிம்மதியாகச் சாவேன் என்றாராம் லே. மறுவருஷமே இறந்தார். அடிமை வைத்திருப்பதையே அந்தச் சபை தடை செய்தது 1776-ல். லேயை நீக்கிய ஆபிங்டன் ஊர்க் குவேக்கர் சபை, அவர் உண்மையின் பக்கம் நின்றவர் என்று ஒப்புக்கொண்டது கிட்டத்தட்ட 280 வருஷம் கழித்துத்தான்.