முனகலோடு வரும் பியானோ

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஸ்வரம் பிரிக்கத் தெரியாது, கிதாரில் ஒரு கார்டு (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது) பிடிக்கத் தெரியாது. ஆனாலும் 'கேட்டே ஆகவேண்டியவை' என்று ஊர் உலகம் கொண்டாடும் ஆல்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜாஸ், சோல், ராக், மேற்கத்திய செவ்வியல் என்று எந்த ஒழுங்கும் இல்லாமல். சினிமாப் பாட்டில் வளர்ந்த காதுக்கு ஆல்பம் என்பதே கொஞ்சம் புதுப் பழக்கம். நாமெல்லாம் பாட்டைத் தனித்தனியாகக் கேட்டவர்கள். நாற்பது நிமிடத்தை அவர்கள் அடுக்கிய வரிசையிலேயே, நடுவில் எதையும் தாண்டாமல் கேட்பது வேறு சமாசாரம்.

இப்படிக் கேட்டதில் என் ருசி என்னவென்று ஓரளவு தெரிந்துவிட்டது. உள்ளே ஆள் இருப்பது காதில் விழ வேண்டும். மூச்சு, முனகல், தவறி விழுந்த ஓர் அடி, எதிர்பாராமல் சேர்ந்துகொண்ட ஒரு சத்தம். இவை இருந்தால் அந்த ஆல்பம் என்னிடம் தங்கிவிடுகிறது. இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கியதைக் கேட்டால் 'அடேயப்பா' என்று சொல்கிறேன், மறுபடி போடுவதில்லை. இது விமர்சனம் இல்லை, என் காதின் குணம். விமர்சகர்கள் மன்னிக்க.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'விலிருந்து தொடங்குகிறேன். ஜாஸ் பக்கம் வருகிற எல்லாரையும் இங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 1959-ல் மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் பதிவான ஐந்து உருப்படிகள். சடசடவென்று மாறும் கார்டுகளை விரட்டிப் பிடிப்பதுதான் ஜாஸ் வித்தை என்றிருந்த காலம் அது. இவர் கார்டுகளைக் குறைத்துவிட்டு, ஒன்றிரண்டு ஸ்கேல்களை, அதாவது ஸ்வர வரிசைகளை, கையில் கொடுத்து, இதற்குள் எப்படி வேண்டுமானாலும் உலாவிக்கொள் என்று விட்டுவிட்டார். ராக ஆலாபனையைத் தூரத்திலிருந்தாவது கேட்டிருக்கிற நமக்கு இது ஒன்றும் அந்நியமாக இருக்காது.

எவ்வளவு தயாரிப்பில்லாமல் செய்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். பதிவுக்குச் சில மணி நேரம் முன்புதான் மைல்ஸ் இந்த அமைப்புகளை யோசித்தார் என்று பியானோ வாசித்த பில் எவன்ஸே இசைத்தட்டின் உறையில் எழுதியிருக்கிறார். அதன்படி பார்த்தால் சாக்ஸபோன் வாசித்த கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் அநேகமாக முதல்முறையாக அதைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார்கள். 'ஸோ வாட்'டில் மைல்ஸின் சோலோ தொடங்கும் இடத்தில் டிரம்ஸ் வாசித்த ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி கொடுப்பார். கொஞ்சம் பலமாகவே விழுந்துவிடும். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் டிரம்பெட் உள்ளே வந்திருக்கும். அந்த ஓர் இடத்துக்காகவே இதைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

இன்னொரு வேடிக்கை. முதல் நாள் ஓடிய டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியதால், இசைத்தட்டின் முதல் பக்கத்தில் இருந்த மூன்று உருப்படிகளும் லேசாகச் சுருதி ஏறியே ஒலித்தன. 1992-ல்தான் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உலகமே தப்பான சுருதியில் கேட்டு, 'இதுவல்லவா இசை' என்று உருகியிருக்கிறது. ரொம்பப் பிடித்த விஷயம் எனக்கு.

அந்த ஆல்பம் பதிவான இடம் நியூயார்க்கில் 30-ஆவது தெருவில் இருந்த ஒரு பழைய தேவாலயம். கொலம்பியா நிறுவனம் அதை ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருந்தது. உயரமான கூரை, மரத்தரை. அதே கூரையின் கீழ், அதற்கு நான்கு வருடம் முன்பு, 1955 ஜூனில், கனடாவிலிருந்து வந்த 22 வயதுப் பையன் ஒருவன் ஜெர்மன் இசைமேதை பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' என்ற உருப்படியைப் பியானோவில் வாசித்திருக்கிறான். க்ளென் கூல்ட். இந்த இரண்டு தட்டுகளும் ஒரே அறையில் பிறந்தவை என்று தெரிந்த அன்றைக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். எந்த ஒற்றுமையும் தென்படவில்லை. இருந்தாலும் நல்ல சாயங்காலம்.

கூல்ட் வாசிக்கும்போது கூடவே முனகுவார். அடக்கவே முடியாது. கால்களை வெட்டிக் குட்டையாக்கிய ஒரு மடக்கு நாற்காலி, அவருடைய அப்பா செய்து கொடுத்தது. ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் அதில்தான் உட்காருவார். பியானோவின் கட்டைகளுக்கு வெகு அருகில் முகம் இருக்கும். வாசிப்போடு சேர்ந்து தொண்டையும் பாடும். ஹெட்போனில் கேட்டால், பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல இருக்கும். செவ்வியல் இசை ரசிகர்கள் சிலருக்கு இது பெரிய உபத்திரவம். எனக்கோ பாக் என்கிற அந்தப் பெரிய கட்டடத்துக்குள் நுழைய வாசல் திறந்ததே இந்த முனகலால்தான்.

1964-ல் மேடைக் கச்சேரியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டு ஸ்டூடியோவுக்குள் போய்விட்ட மனிதர், 1981-ல் அதே தேவாலயத்துக்குத் திரும்பி வந்து அதே இசையை மறுபடியும் பதிவு செய்தார். முதல் பதிவு 38 நிமிடம் சொச்சம். இரண்டாவது 51 நிமிடம். தொடக்கத்தில் வரும் ஆரியா என்ற மெல்லிய மெட்டை 1955-ல் இரண்டு நிமிடத்துக்குள் முடித்தவர், 1981-ல் மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டார். 1982 செப்டம்பரில் அது வெளிவந்தது, அக்டோபரில் ஐம்பது வயதில் காலமானார். எது சிறந்தது என்று இன்றும் சண்டை நடக்கிறது. என் வாக்கு முதலாவதற்கு. இரண்டாவதில் ஞானம் இருக்கிறது என்கிறார்கள், இருக்கலாம். முதலாவதில் அவசரம் இருக்கிறது, திமிர் இருக்கிறது, 'என்னால் இதுவும் முடியும் பார்' என்கிற இளவட்டத்தின் குஷி இருக்கிறது. எனக்கு அது போதும்.

சரி, பாட்டு உள்ளவற்றுக்கு வருவோம். அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்', 1971. இந்தக் கட்டுரையில் வரும் எல்லா ஆல்பங்களிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட மோட்டவுன் நிறுவனம் அப்போது காதல் பாட்டு ஆலை. அதன் அழகான நட்சத்திரம், வியட்நாம் போர், போதை, வேலையில்லாமை, சுற்றுச்சூழல் என்று பாடக் கிளம்பினார். தம்பி ஃபிராங்கி வியட்நாமில் இருந்து திரும்பி வந்து சொன்ன கதைகள் உள்ளே வேலை செய்திருந்தன. முதலாளி பெர்ரி கோர்டிக்குத் தலைப்புப் பாடலே பிடிக்கவில்லை. அவருக்குத் தெரியாமல்தான் அது தனித்தட்டாக வெளியே போனது. விற்றுத் தீர்ந்ததும், ஆல்பம் எங்கே என்று கேட்டார்கள். முதலாளிகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அந்தத் தலைப்புப் பாடல் முழுக்கத் தற்செயல்களால் ஆனது. தொடக்கத்தில் மிதந்து வரும் சாக்ஸபோன், ஈலை ஃபான்டெய்ன் பதிவுக்கு முன்னால் சும்மா வாசித்துப் பார்த்தது. வேண்டியது கிடைத்துவிட்டது, நீ வீட்டுக்குப் போகலாம் என்றாராம் மார்வின். தான் விளையாட்டாகத்தான் வாசித்தேன் என்றிருக்கிறார் ஃபான்டெய்ன். மார்வின் இரண்டு விதமாகப் பாடி வைத்திருந்தார், எது நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க. ஒலிப்பதிவாளர் இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்படி டேப் போட்டுவிட, ஒரு குரலுக்கு இன்னொரு குரல் பதில் சொல்வதுபோல ஆகிவிட்டது. அதை அப்படியே வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருடைய பாட்டுகளுக்கு அதுவே பாணி. பின்னால் கேட்கும் விருந்துச் சலசலப்பில் இரண்டு அமெரிக்கக் கால்பந்து வீரர்களும் இருக்கிறார்கள், அவருடைய நண்பர்கள். போர், கோபம், அழுகை என்று இவ்வளவு பாரமான விஷயத்தை ஒரு வரவேற்பறைக் கூச்சலோடு ஆரம்பிக்கிற தைரியத்தைப் பாருங்கள்.

அதே ஆல்பத்தில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிதாரை மட்டும் தனியாகக் கவனித்து ஒருமுறை கேளுங்கள். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'. ஒன்பது பாட்டு, ஒன்றுகூடச் சோடை இல்லை. உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பம் என்பதில் எனக்கு எந்த வழக்கும் கிடையாது. எங்கே ஒலித்தாலும் கால் தானாக ஆடுகிறது. ஆனால் உட்கார்ந்து முழுதாகக் கேட்டால், ஷோரூமில் நிற்கிற உணர்வு. தயாரிப்பாளர் குவின்ஸி ஜோன்ஸும் ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியனும் ஒவ்வொரு சத்தத்தையும் அவ்வளவு துடைத்து வைத்திருக்கிறார்கள். 'பில்லி ஜீன்' பாட்டை 91 முறை மிக்ஸ் செய்துவிட்டு (தனித்தனியாகப் பதிவான சத்தங்களை அளவாகச் சேர்ப்பதுதான் மிக்ஸ்), கடைசியில் இரண்டாவது மிக்ஸையே எடுத்துக்கொண்டோம் என்று ஸ்வீடியன் சொல்லியிருக்கிறார். அதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். மீதி 90-ஐ யாரும் வெளியிடாமல் இருந்தால் சரி.

பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' பற்றியும் கிட்டத்தட்ட இதே எண்ணம்தான். நான்கே தடங்களில் பதியக்கூடிய நான்கு டிராக் மெஷினை வைத்துக்கொண்டு 1967-ல் அதைச் செய்தார்கள் என்பது மலைப்பு. மலைத்தேன், அவ்வளவுதான். அதில் ஜார்ஜ் ஹாரிசன், லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்களோடு வில் போட்டு வாசிக்கும் தில்ரூபாவும் தபலாவும் வைத்துப் பாடிய பாட்டைப் பலர் தாண்டிவிடுவார்களாம். நான் அதை மட்டும் கேட்டுவிட்டு மற்றதைத் தாண்டுகிறேன். (பீட்டில்ஸ் பக்தர்கள் திட்டலாம், தயார்.)

அமெரிக்க ராக் குழு நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' முனகலுக்கும் பளபளப்புக்கும் நடுவில். ரொம்பப் பளபளப்பாகிவிட்டது என்று குழுவின் பாடகர் கர்ட் கோபேனே பிறகு குறைப்பட்டார், நியாயம்தான். ஆனால் கடைசிப் பாட்டு மட்டும் வேறு. ஸ்டூடியோ அறையில் வைத்து எடுத்தது சரிவரவில்லை. கண்ட்ரோல் ரூம் சோபாவில் படுத்தபடி, கிசுகிசுப்பது மாதிரி கோபேன் பாடிக்காட்டியதும், தயாரிப்பாளர் புட்ச் விக் டெலிபோனையெல்லாம் அடக்கிவிட்டு அங்கேயே மைக் வைத்துப் பதிவு செய்தார். எனக்கு நெவர்மைண்ட் என்றால் அந்தச் சோபாதான்.

பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' என் கொள்கைக்கே சோதனை. 1972-73-ல் லண்டனின் அபே ரோட் ஸ்டூடியோவில் நாணயச் சத்தத்தையும் கடிகார மணியையும் வெட்டி ஒட்டிச் செய்த அப்பட்டமான இழைப்பு வேலை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரம் இருந்தது. எனக்கும் பிடிக்கும். ஏன் என்று யோசித்தால், நடுவில் வார்த்தையே இல்லாமல் கதறும் அந்தப் பெண் குரல். க்ளேர் டோரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள், வந்தார், சில தடவை பாடினார், 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். அதைப் பயன்படுத்தவே மாட்டார்கள் என்று நினைத்திருந்தவர், கடையில் தட்டின் உறையில் தன் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். 2004-ல் வழக்குப் போட்டு, மறு வருடம் சமரசமாகி, இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது. முப்பது வருடம் தாமதம். அந்தப் பாட்டை வேறு யார் செய்தார்கள் என்று நினைத்தார்களோ!

கொள்கைக்கு அடங்காதது ஒன்று உண்டு. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் 1974-ல் போட்ட 'ஆட்டோபான்'. ஒரு பக்கம் முழுக்க 22 நிமிடத்துக்கு நெடுஞ்சாலையில் கார் போகிறது, அவ்வளவுதான். மூச்சில்லை, முனகலில்லை, கிட்டத்தட்ட எல்லாம் மெஷின். இருந்தும் நீண்ட பஸ் பயணத்தில் இதைவிட்டால் வேறு கிடையாது. விளக்கமெல்லாம் கேட்காதீர்கள்.

மைல்ஸின் 'பிட்சஸ் ப்ரூ' (1970) எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தயாரிப்பாளர் டியோ மசேரோ டேப்பைக் கத்தரித்து ஒட்டிய அந்தக் காட்டுக்குள் பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் நிற்க முடிவதில்லை. ஆனால் அதில் கிதார் வாசித்த ஜான் மெக்லாஃப்ளின் என்னை வேறோர் இடத்தில் கொண்டுபோய் விட்டார். 1975-ல் நியூயார்க்குக்கு அருகே ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரி, 'சக்தி' என்ற பெயரில் மறு வருடம் தட்டாக வந்தது. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். முதல் உருப்படியே 18 நிமிடம், மூச்சுவிட இடமில்லாத வேகம். வேகத்தைக் காட்டுவதற்காகவே வேகம் என்று முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் கிதாருக்குக் கடம் பதில் சொல்லும் இடங்களை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்கிறார்கள், அதுதான் விஷயம்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) பற்றி நம் ஊரில் எழுதினால் வம்பு. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். பாக்கின் வயலின் பார்ட்டிட்டா (நடனத் துண்டுகளின் தொகுப்பு) ஒன்று ஓட, அதன் மேலேயே நம் பக்கத்து வயலின் ஏறி உட்காருகிறதே, அந்த உருப்படி எனக்கு உயிர். வி.எஸ். நரசிம்மனின் வில் அங்கே தயங்குவது, வழுக்குவது எல்லாம் கேட்கும். மற்ற சிலவற்றில் கணக்கு தெரிகிறது, இசை கொஞ்சம் பின்னால் நிற்கிறது. பாலு மகேந்திரா 'வீடு' படத்துக்கு இந்த ஆல்பத்தையே பின்னணியாக எடுத்துக்கொண்டதில் அர்த்தம் இருக்கிறது. கட்டி முடியாத சுவர்களோடு சேர்ந்து ஒலிக்கும்போது அந்தக் கணக்கெல்லாம் மறைந்துவிடுகிறது.

இத்தனைக்கும் பிறகு, புதிதாகக் கேட்க ஒருவர் வந்தால் நான் முதலில் கொடுப்பது இவை எதையும் அல்ல. க்யூபாவின் 'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்'. மாலி நாட்டுக் கலைஞர்களையும் க்யூபாக்காரர்களையும் சேர்த்து ஒரு தட்டு போடுவதுதான் 1996-ல் இருந்த திட்டம். மாலிக்காரர்கள் ஹவானா வந்துசேர முடியவில்லை. ஸ்டூடியோ எடுத்தாகிவிட்டது, அமெரிக்க கிதார் கலைஞரும் தயாரிப்பாளருமான ரை கூடரும் வந்துவிட்டார். என்ன செய்வது? ஊரில் இருந்த பழைய பாடகர்களைத் தேடிப் பிடித்தார்கள். பாடுவதை விட்டுவிட்டு ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த இப்ராஹிம் ஃபெரர், வீட்டில் பியானோ இல்லாத எழுபத்தாறு வயது பியானோ கலைஞர் ரூபன் கொன்சாலெஸ், தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த கொம்பாய் செகுந்தோ. ஆறு நாளில் முடிந்தது. ஸ்பானிஷில் ஒரு சொல் தெரியாமலேயே ஃபெரர் என்ன கெஞ்சுகிறார் என்று நமக்குப் புரிந்துவிடும்.

வர முடியாத அந்த மாலிக்காரர்கள் பிறகு ஒருவழியாக க்யூபாக்காரர்களோடு சேர்ந்து வாசித்தது 2010-ல் 'ஆஃப்ரோக்யூபிசம்' என்று வெளிவந்தது. கேட்டேன். அருமையான வாசிப்பு, நல்ல பதிவு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் திரும்பிப் போடுவது என்னவோ 1996-ஐத்தான்.