ஜன்னலுக்குக் கெடுபிடி, ஒழுகும் கூரைக்கு மௌனம்

வட வேல்ஸில் வீடு தேடும் நம்மவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "லிஸ்டட் வீடா, அந்தப் பக்கமே போகாதே" என்பதுதான். லிஸ்டட் என்றால், அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட கட்டடம். ஜன்னலை மாற்ற முடியாது, உள்சுவரை எடுக்க முடியாது, எதற்கெடுத்தாலும் கவுன்சிலிடம் போய் நிற்க வேண்டும், அனுமதி இல்லாமல் கை வைத்தால் கிரிமினல் வழக்கு. எல்லாம் உண்மைதான். ஆனால் டென்பிஷயரில் குடியிருக்கும் எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் இருக்கிற கோபமே வேறு. ஜன்னல் விஷயத்தில் சாதாரண வீட்டுக்காரரை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிற சட்டம், பெரிய கட்டடத்தை வாங்கிப் போட்டுவிட்டுக் கூரை ஒழுகுவதைக் கண்டுகொள்ளாமல் இருப்பவரை வருடக்கணக்கில் விட்டுவைக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடங்களைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கும் இன்றைய முறைக்கு வேர் 1947-ஆம் ஆண்டுச் சட்டம். இன்று வேல்ஸில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலைக் கவனிப்பது வேல்ஸ் அரசின் காடூ என்ற துறை. அனுமதி, நடவடிக்கை எல்லாம் பெரும்பாலும் அந்தந்தக் கவுன்சிலின் பொறுப்பு. கிரேடு 1, கிரேடு 2 ஸ்டார், கிரேடு 2 என்று மூன்று தரம். கிரேடு 1 என்பது நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. பாதுகாப்பு முகப்புக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே இருக்கும் மாடிப்படி, கணப்பு, கதவு, வளாகத்துக்குள் 1948 ஜூலைக்கு முன்பே இருந்த கொட்டகை, மதில் வரை எல்லாம் சேர்த்திதான்.

இந்த முறையால் என்ன நன்மை என்று கேட்பவர்களை ரிதின் ஊருக்கு, காசில் தெருவில் இருக்கும் நான்ட்க்லூயிட் அ ட்ரே வீட்டுக்கு அழைத்துப் போவேன். கிரேடு 1. அதன் உத்தரங்களில் தெரியும் மர ஆண்டு வளையங்களை ஆராய்ந்து, அந்த மரங்கள் 1435-36 வாக்கில் வெட்டப்பட்டவை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் தன் வசதிக்கு ஏற்றபடி அறையைச் சேர்த்தது, சுவரை மாற்றியது, மரப்பலகை அடித்தது. மீட்டெடுத்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே காலத்துக்குத் திருப்பிவிடாமல் அறைக்கு ஒரு காலம் என்று விட்டுவைத்தார்கள். ஒரு வாசலைத் தாண்டினால் நூறு வருடம் கடந்துவிடுகிறோம். மேலே கூரைக்குள் வௌவால் கூட்டம் ஒன்று குடியிருக்கிறது, அதற்கும் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கவுன்சில் இந்த வீட்டை வாங்கியது 1984-இல். பொதுமக்களுக்குத் திறந்தது 2007-இல். இருபது வருடத்துக்கு மேல் ஆனது. ஆனாலும் வீடு நிற்கிறது, ஏனென்றால் அதற்குப் பொறுப்பான ஒரு சொந்தக்காரர் இருந்தார்.

ரிதினிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது டென்பிக்கு. அங்கே ஊருக்குத் தெற்கே இருக்கும் பழைய வட வேல்ஸ் மருத்துவமனைதான் என்னை இதை எழுத வைத்தது.

1840-களின் தொடக்கத்தில் வட வேல்ஸில் மனநோயாளிகளுக்கென்று ஒரு மருத்துவமனைகூட இல்லை. ஏழைகளை இங்கிலாந்தில் இருந்த காப்பகங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் பேசும் வெல்ஷ் மொழி மருத்துவருக்கும் தெரியாது, பணியாளருக்கும் தெரியாது. ஏற்கெனவே மனம் நொந்து கிடப்பவர், தன் வலியைச் சொல்ல ஆளில்லாமல் அந்நிய ஊரில் வருடக்கணக்கில் கிடந்தார். குளோஸ்டர் காப்பகத்தின் மருத்துவர் சாமுவேல் ஹிட்ச் இதைப் பார்த்துப் பொறுக்காமல் 1842-இல் 'தி டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஊர் ஊராக நன்கொடை திரண்டது. ஜோசப் ஆப்லெட் என்பவர் 20 ஏக்கர் நிலம் கொடுத்தார். தாமஸ் ஃபுல்ஜேம்ஸ் வரைபடம் போட்டார். 1848-இல் கதவு திறந்தது. தன் மொழியிலேயே நோயைச் சொல்லலாம் என்பதற்காக மக்கள் காசு போட்டுக் கட்டிய இடம் அது. பின்னால் பெரிதாகிப் பெரிதாகி, 1950-களில் சுமார் 1,500 பேர் உள்ளே இருந்தார்கள். நல்லதும் நடந்தது, அந்தக் காலத்து மனநல வைத்தியத்தின் கொடுமைகளும் நடந்தன. அதனாலேயே அது நிற்க வேண்டும் என்கிறேன்.

1995-இல் பிரதான கட்டடம் மூடப்பட்டது. கிரேடு 2 ஸ்டார். அதாவது, சட்டப்படி மிக முக்கியமான கட்டடம். தனியார் கைக்குப் போனது. 2008 நவம்பரில் தீப்பிடித்து அதன் பெரிய கூடம் அழிந்தது. கவுன்சில் அவசரப் பணிகளைச் செய்தது, பழுதுபார்க்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தது, கட்டாயமாகக் கையகப்படுத்தப் போராடியது. கட்டடம் கவுன்சிலின் கைக்கு வந்தபோது 2018. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூடி 23 வருடம். பழைய முகப்புக் கட்டடத்தை மீட்டுச் சுற்றிலும் 300 வீடுகள் வரை கட்டும் திட்டத்துக்கு 2021-இல் ஒப்புதல் கிடைத்தது. மற்ற கட்டடங்களில் பெரும்பாலானவற்றை இடித்தாக வேண்டிய நிலை. வேலிக்கு வெளியே நின்று பாருங்கள்: கண்ணாடி போன ஜன்னல்கள் வழியே கூரை தெரிய வேண்டிய இடத்தில் வானம் தெரியும், சுண்ணக்கல் சுவரின் மேல் விளிம்பில் செடி முளைத்திருக்கும். இவ்வளவும் அந்தக் கட்டடம் 'பாதுகாக்கப்பட்ட' காலத்தில் நடந்தது!

ஓட்டை எங்கே என்றால், பட்டியலில் இருக்கும் கட்டடத்தை அனுமதி இல்லாமல் இடிப்பதும் மாற்றுவதும்தான் குற்றம். பழுதுபார்க்காமல் விடுவது தன்னளவில் குற்றமே இல்லை. கூரையில் நான்கு ஸ்லேட் ஓடு பெயர்ந்தால் நாலு வருடத்தில் உத்தரம் உளுத்துவிடும். கவுன்சில் தலையிடலாம், ஆனால் முதலில் தன் பணத்தைப் போட வேண்டும், பிறகு சொந்தக்காரரிடம் வசூலிக்க அலைய வேண்டும். 2016-ஆம் ஆண்டு வேல்ஸ் சட்டம் இதைக் கொஞ்சம் சீர்செய்தது, செலவை அந்தச் சொத்தின் மேலேயே கடனாக ஏற்றலாம் என்றது. நல்ல மாற்றம். 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பழைய விதிகளை வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் ஒன்றாகத் தொகுத்தது. அதையும் வரவேற்கிறேன். ஆனாலும் பராமரிப்பது உன் கடமை என்று சொந்தக்காரரிடம் நேராகச் சொல்லும் வரி இன்னும் வரவில்லை.

இன்னொரு பக்கம், ஒழுங்காகப் பராமரிக்கிறவர் படும் பாடு. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று கிரேடு 2 கல்வீட்டில் இருக்கிறது. முன்பு இருந்த யாரோ கல் இடுக்குகளில் சிமென்ட் பூசிவிட்டார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. சுவருக்குள் தேங்கிய நீர் உள்பக்கம் கசிந்து பூச்சு பொரிந்து கொட்டியது. கொத்தனார் உளியால் அந்தச் சிமென்டைத் துளித்துளியாகப் பெயர்த்து, சுண்ணாம்புக் காரையை இடுக்கில் அழுத்தி, காய்ந்து வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார். உறைபனிக் காலத்தில் இந்த வேலையைத் தொடவே முடியாது. சரி, இவ்வளவு பொறுமையாகச் செய்த வேலைக்குப் பில் வந்தபோது அதில் 20 சதவீதம் வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி. அவர்களுக்கு எதிர்ப்புறம் வயலில் புத்தம் புதிதாக வீடு கட்டினால் வாட் பூஜ்யம். அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்காவது பட்டியல் கட்டடங்களுக்கு வாட் விலக்கு இருந்தது, 2012 அக்டோபரில் அதையும் எடுத்துவிட்டார்கள். இதில் என்ன நியாயம் இருக்கிறது?

பள்ளிக்கூடத்துக்கும் முதியோர் பராமரிப்புக்குமே காசில்லாத கவுன்சிலிடம் பழைய சுவரைப் பற்றிப் பேசுகிறாயே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் டென்பியில் தீயணைப்பு வண்டிக்கும் வழக்குக்கும் அவசரமாக முட்டுக் கொடுத்ததற்கும் போனதும் அதே மக்கள் பணம்தான். முதல் ஸ்லேட் பெயர்ந்தபோதே சொந்தக்காரரைச் சரிசெய்ய வைத்திருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி வந்தே இருக்காது.

வாட் வரி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது, பட்டியல் சட்டம் கார்டிஃபில் இருக்கும் வேல்ஸ் நாடாளுமன்றமான செனெட்டின் கையில். பட்டியல் கட்டடங்களின் பழுதுபார்ப்புக்கு வாட்டை 5 சதவீதமாக்கச் சொல்லி எம்.பி.க்கும், காலியாகக் கிடக்கும் பட்டியல் கட்டடங்களை ஆண்டுதோறும் சோதித்து, கூரை திறந்த ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் கொடுப்பதைக் கட்டாயமாக்கச் சொல்லி செனெட் உறுப்பினருக்கும் எழுதியிருக்கிறேன். வேல்ஸில் ஓட்டு இருக்கும் நம்மவர்கள் அவரவர் தொகுதியில் இதையே எழுதுங்கள். கடித வாசகம் வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், போடுகிறேன்.