2.2 லிட்டர் எஞ்சின் மேடு ஏறாதா?

பல மோட்டார்ஹோம்களுக்கு (உள்ளே தங்கிப் பயணிக்கும் வண்டிகளுக்கு) அடிப்படையான ஃபியட் டுகாட்டோ வேனில் 2021-இல் 2.3 லிட்டர் டீசலுக்குப் பதில் 2.2 வந்துவிட்டது, அதனால் புதிய மோட்டார்ஹோம்களுக்கு இழுவை குறைவு, பழைய 2.3 வண்டியையே தேடி வாங்குங்கள் என்று மேலே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியல்ல.

லிட்டர் என்பது சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு மட்டும்தான். டர்போவும் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) எரிபொருள் செலுத்தும் அளவும் மாறினால் அதே கொள்ளளவில் இழுவையும் மாறும். 140 குதிரைத்திறன் மேனுவல் வண்டியைப் பாருங்கள்: பழைய 2.3, புதிய 2.2 இரண்டிலும் டார்க், அதாவது இழுவையைத் தரும் சுழற்றுவிசை, 350 நியூட்டன் மீட்டர். 180 குதிரைத்திறன் ஆட்டோமேட்டிக்கில் இரண்டுக்கும் 450. ஆனால் இதே 2.2 எஞ்சின் 120 குதிரைத்திறனிலும் வருகிறது, அதில் 320தான். 3,500 கிலோ எடையோடு ஆல்ப்ஸ் மலைப்பாதையில் ஏறும்போது உணரப்போவது இந்த வித்தியாசத்தைத்தான். நூறு சிசி குறைந்ததை அல்ல.

நீங்களே சரிபார்க்கலாம். ஐரோப்பிய வாகனப் பதிவுச் சான்றிதழில் P.1 என்ற இடத்தில் கொள்ளளவு, P.2-இல் திறன் கிலோவாட்டில் இருக்கும். அதை 1.36-ஆல் பெருக்குங்கள், 103 என்றால் 140 குதிரைத்திறன். டார்க் அதில் இருக்காது. அதற்குத் தயாரிப்பாளரின் தொழில்நுட்ப அட்டவணையில் அதே ஆண்டு, அதே திறன், அதே கியர்பாக்ஸ் உள்ள வரியைப் பாருங்கள். விற்பவர் வெறுமனே “2.2” என்றால், எத்தனை குதிரைத்திறன் என்று கட்டாயம் கேளுங்கள்.