ரியேச், ரேச், ரிச்

‘சொல்’ என்பதற்குக் குரோஷிய மொழியில் ரியேச். செர்பிய மொழியில் ரேச். செர்பியாவின் வடகோடியில், ஹங்கேரி எல்லையை ஒட்டிய சுபோட்டிட்சா நகரத்தில், இந்த நூலளவு வித்தியாசத்தின் மேல் நின்றுகொண்டு ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருக்கிறது. பெயர் ‘ஹர்வாட்ஸ்கா ரியேச்’. குரோஷியச் சொல் என்று பொருள். வொய்வொதினா மாகாணத்தின் குரோஷியச் சிறுபான்மையினருக்கான பத்திரிகை.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். “இருவர் பேசுவதும் இருவருக்கும் புரிகிறதே, பிறகு எதற்குத் தனிப் பத்திரிகை, அதற்கு அரசுப் பணம் வேறா?” எனக்கு இந்தக் கேள்வியின் மேல் தீராத எரிச்சல். புரிவதுதான் ஒரே கணக்கு என்றால் செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் நாளிதழ் ஒன்றே போதும். சுபோட்டிட்சாக்காரருக்கு அது ஒரு வரி விடாமல் புரியும். புரிந்து என்ன செய்வது? அவருடைய மகன் படிக்கும் குரோஷிய வழி வகுப்பில் இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று அதில் இருக்காது. பக்கத்துக் கிராமத்து இசைக்குழு எங்கே பாடியது என்று இருக்காது. இவர்கள் அதில் வருவது பெரும்பாலும் ஏதாவது தகராறு நடக்கும்போதுதான்.

பத்திரிகையின் தேதியைப் பாருங்கள், விஷயம் விளங்கும். செர்பிய மொழியில் ஜூலை மாதம் ‘யூல்’. ரோமானியர் கொடுத்த பெயர், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஓடுகிற பெயர். குரோஷிய மொழியில் அதே மாதம் ‘ஸ்ர்பான்’. ‘ஸ்ர்ப்’ என்றால் அரிவாள். அரிவாள் எடுக்கும் மாதம். அக்டோபர் ‘லிஸ்டொபாட்’, இலை உதிரும் மாதம். சுபோட்டிட்சாவைச் சுற்றி கோதுமைச் சமவெளி. அந்த அரிவாள் மாதத்தில் ‘டுஜியான்ட்சா’ என்ற அறுவடைத் திருவிழாவுக்காக வயலில் இறங்கிப் போட்டி நடத்துகிறார்கள். ஆண்கள் நீண்ட பிடி போட்ட அரிவாளை வீசி அறுத்துக்கொண்டே போக, பெண்கள் பின்னாலேயே வந்து கட்டுக் கட்டுகிறார்கள். வைக்கோலில் கிரீடம் பின்னுகிறார்கள். இந்த விழா 1911இல் தேவாலயத்துக்குள் நுழைந்து நன்றி வழிபாடாக மாறியது. அந்த வாரத்துப் பத்திரிகையில் ‘ஸ்ர்பான்’ என்று அச்சிடுவதும் ‘யூல்’ என்று அச்சிடுவதும் ஒன்றுதான் என்று சொல்பவரிடம் எனக்கு மேலே பேச ஒன்றும் இல்லை.

ஆனால் கதை இவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை. அந்த வட்டாரத்துக் குரோஷியர்களில் பெரும்பங்கினர் புன்யெவ்ட்சி, ஷொக்ட்சி என்ற இரண்டு பழைய குழுக்களிலிருந்து வந்தவர்கள். புன்யெவ்ட்சி வீட்டுப் பாட்டி ‘ரியேச்’ என்றும் சொல்ல மாட்டாள், ‘ரேச்’ என்றும் சொல்ல மாட்டாள். அவள் வாயில் அது ‘ரிச்’. ஆக, பத்திரிகை எழுதுவது வீட்டு மொழி அல்ல. குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபின் இலக்கணம் வகுத்த பொதுமொழி. இன்னொரு முடிச்சும் உண்டு. புன்யெவ்ட்சிகளில் ஒரு பகுதியினர் “நாங்கள் குரோஷியர்களே அல்ல, தனி இனம்” என்கிறார்கள். 1945இல், செர்பியாவும் குரோஷியாவும் சேர்ந்திருந்த யுகோஸ்லாவியாவின் புதிய கம்யூனிஸ்ட் அரசு, இவர்கள் என்ன சொன்னாலும் குரோஷியர் என்றே பதிவு செய்யுங்கள் என்று உத்தரவிட்டது. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. 2021இல் சுபோட்டிட்சா நகரமன்றம் புன்யெவ்ட்சி மொழியையும் ஆட்சிமொழியாக்கியது. குரோஷியத் தரப்பு கொதித்தது. அவர்கள் கொதிப்பில் நியாயம் இருக்கிறது, ஒரு சிறுபான்மையை இரண்டாகப் பிளப்பது எந்த அரசுக்கும் வசதிதான். அதற்காக, தன்னைத் தனி என்று சொல்கிறவரைப் பொய்யர் என்று பத்திரிகை எழுதினால் அது 1945இன் உத்தரவைத் திரும்ப எழுதுவதாகத்தான் ஆகும்.

பெயர் விஷயத்தில் இந்த ஊர் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1945இலேயே இதே ‘ஹர்வாட்ஸ்கா ரியேச்’ என்ற பெயரில் இங்கே ஒரு பத்திரிகை தொடங்கியது. 1956இல் அதை ‘சுபோட்டிச்கே நோவினே’, அதாவது சுபோட்டிட்சா செய்தித்தாள் என்று மாற்றினார்கள். பத்திரிகையை மூடவில்லை, தடை செய்யவில்லை. ஒரே ஓர் அடைமொழியை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கேட்பதற்கு எவ்வளவு நிரபராதியான பெயர் பாருங்கள், ஊர் பெயர்! அதே தலைப்பு திரும்பி வர 2003 ஜனவரி 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவே யுகோஸ்லாவியாவே இல்லாமல் போனது. 1992இல் தெற்கே ஹர்ட்கோவ்ட்சி கிராமத்தில் செர்பியத் தீவிர தேசியவாதத் தலைவர் செஷெல், குரோஷியர்களை வெளியேற்ற வேண்டும் என்று மேடையேறிப் பேசியதும், அங்கிருந்த குரோஷியர்கள் வீடு வாசலை விட்டுப் போனதும் நடந்தது. அந்தப் பேச்சுக்காக அவர் குற்றவாளி என்று மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தது 2018இல். இந்தப் பின்னணியில் ‘குரோஷிய’ என்ற சொல்லைத் தலைப்பில் போட்டுக் கடையில் வைக்கிறார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்காருவதற்கே கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்.

இத்தனை சொன்ன பிறகு குறையையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையின் நிறுவனர் உரிமை குரோஷிய தேசிய மன்றத்திடம் இருக்கிறது. சிறுபான்மையினர் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் அமைப்பு அது. பணம் மாகாண நிதியிலிருந்து வருகிறது. ஹங்கேரிய, ஸ்லோவாக்கிய, ருமேனிய, ருசின் பத்திரிகைகளுக்கும் 2004 முதல் இதே ஏற்பாடுதான். அதாவது, நீ யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர்தான் உன் முதலாளி. சிறுபான்மைப் பத்திரிகைகளுக்கு இதனால் வரும் நோயை நான் பல மொழிகளில் பார்த்திருக்கிறேன்: விழா, வரவேற்புரை, தலைவர் குத்துவிளக்கு ஏற்றாத குறையாக நிற்கும் படம், நன்றியுரை. 2022இல் அந்தச் சமூகத்தின் அரசியல் தலைவர் தோமிஸ்லாவ் ஜிக்மனோவ் பெல்கிரேடில் அமைச்சரானபோது சோதனை இன்னும் கடுமையாகியிருக்க வேண்டும். தன் வீட்டுப் பெரியவரே அமைச்சர் என்றால் எவ்வளவு உரக்கக் கேள்வி கேட்க முடியும்?

முடியும் என்பதற்கு எல்லைக்கு அப்பால் ஒரு சாட்சி இருக்கிறது. ஸாக்ரெபில், குரோஷியாவின் செர்பியச் சிறுபான்மையினர் ‘நொவொஸ்தி’ என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்துகிறார்கள். அதற்கும் அரசுப் பணம்தான். ஆனால் அது யாரையும் விட்டுவைப்பதில்லை. நையாண்டி செய்கிறது, ஊழலைத் தோண்டுகிறது, பெரும்பான்மையினரும் வாங்கிப் படிக்கிறார்கள். 2017இல் தீவிர வலதுசாரிகள் தெருவில் அதன் பிரதியை எரித்தார்கள். ‘நம் வரிப்பணத்தில் நம்மையே திட்டுகிறார்கள்’ என்பது அவர்கள் புகார். ஒரு பத்திரிகைக்கு இதைவிட நல்ல நற்சான்றிதழ் எனக்குத் தெரிந்து இல்லை. சுபோட்டிட்சாவில் அப்படித் துணிய ஆள்பலம் வேண்டும் என்பதும் உண்மை. 2002 கணக்கெடுப்பில் செர்பியா முழுவதும் 70,602 குரோஷியர்கள். 2022இல் 39,107.

இருபது ஆண்டில் பாதியை நெருங்கிய சரிவு. வயதானவர்கள் இறந்தார்கள், இளையவர்களில் பலர் குரோஷிய பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போய்விட்டார்கள். அயர்லாந்திலோ ஜெர்மனியிலோ கிடங்கு வேலை பார்க்கும் பையனுக்கு ஊர்ச் செய்தி வேண்டுமென்றால் கைபேசியில் கிடைக்கும். அவனுடைய பாட்டிக்கு அச்சு வேண்டும், எழுத்து கொஞ்சம் பெரிதாகவும் வேண்டும். அவள் அதை வாசித்துவிட்டு, ‘ரியேச்’ என்று அச்சான இடத்தில் ‘ரிச்’ என்றே சொல்லிக்கொள்வாள்.