கேபிள் என்னவென்று சொல்ல மாட்டார்கள், காசு மட்டும் கேட்பார்கள்

ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் ஓடும் ஒரு சர்வர். ஈரோட்டில் நான் நடத்தும் கணக்கு அலுவலகத்துக்கு நெட்வொர்க் என்றால் இவ்வளவுதான். இதை ஒழுங்காக இழுத்துக் கொடுத்துவிட்டு நியாயமான காசு வாங்கிப் போக ஒரு ஆள் கிடைக்கவில்லை. வயிறு எரிகிறது.

ரேட் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பாயிண்ட் கணக்கு என்கிறார், அதாவது கேபிள் போய்ச் சேரும் ஒவ்வோர் இடத்துக்கும் இவ்வளவு என்று. இன்னொருவர் மீட்டர் கணக்கு. அடுத்தவர் வாசலில் நின்றபடியே, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், “எல்லாம் சேர்த்து 38,000 ஆகுமுங்க மேடம்” என்கிறார். எதெல்லாம் சேர்த்து? என்ன கேபிள், எத்தனை மீட்டர், கேபிள்களை ஒன்று சேர்க்கும் ஸ்விட்ச் என்ன கம்பெனி, கூலி எவ்வளவு? “அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம், நீங்க விடுங்க.” இந்தப் பதிலையும் என்னைப் பார்த்துச் சொல்வதில்லை. போன வருடம் வேலைக்குச் சேர்ந்த பையனைப் பார்த்துச் சொல்கிறார்கள். காசு கொடுப்பவள் நான், கேள்வி கேட்டவளும் நான்.

கூடுதலாகக் கேட்டால்கூட உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். எதற்கு என்று சொல்லாமல் கேட்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

போன முறை வேலையை எடுத்தவர் போட்ட கேபிளின் மேல் கேட் 6 (Cat 6) என்று கேபிளின் தர வகை அச்சடித்திருக்கிறது. நுனியைக் கத்தியால் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம். சிசிஏ என்பார்கள், செம்பு பூசிய அலுமினியக் கம்பி. முழுச் செம்பு கேபிளைவிட விலை நன்றாகக் குறைவு. மின்தடை அதிகம், நாலு முறை வளைத்தால் ஒடிந்துவிடும், கேமராவுக்கு அதே கேபிளில் கரண்டும் அனுப்பினால் சூடாகும். நெட்வொர்க் கேபிளுக்கான தரவிதிகள் செம்புக் கம்பியைத்தான் ஏற்கின்றன. 305 மீட்டர் பெட்டியைக் கையில் தூக்கினாலே எடையில் வித்தியாசம் தெரியும். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது தெரியாதா? சுவருக்குள் போய்விட்டால் யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்!

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். அதைப்போல் பத்து மடங்கு வேகமான கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். அந்த மனிதர் ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்து இரண்டு மேசைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பாயிண்டுக்குக் காசு வாங்கியிருக்கிறார். கிகாபிட் ஸ்விட்ச் என்று அதற்கும் தனியாக வாங்கினார். அந்த இரண்டு மேசைக்கும் கிகாபிட் எந்தக் காலத்திலும் வராது. போனில் கேட்டால், “லைட் எரியுதுங்கல்ல, நெட் வருதுங்கல்ல, அப்புறம் என்னங்க?”

அப்புறம் என்ன என்று நான் சொல்கிறேன். மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அன்றைக்கு டேலி சர்வரோடு தொடர்பு அறுந்து அறுந்து வருகிறது. வைஃபைக்கு என்று அவர் கூடுதலாக வைத்த ரவுட்டரில் டிஹெச்சிபியை, அதாவது கம்ப்யூட்டர்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதியை, ஆஃப் செய்யவே இல்லை. பழைய ரவுட்டரும் இதுவும் போட்டி போட்டு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்குமான எண், கொடுக்கின்றன. ஒரு கம்ப்யூட்டரில் நெட் வந்தால் இன்னொன்றில் போய்விடுகிறது. பிரிண்டருக்கு நிலையான ஐபி கொடுக்காததால் அதுவும் காணாமல் போகிறது. ரிட்டர்ன் ஒரு நாள் தள்ளிப்போனால் தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி. இதை நூல் கடைக்காரரிடமும் மஞ்சள் மண்டிக்காரரிடமும் எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்?

சரி, நாமே உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றால் ரவுட்டரின் பாஸ்வேர்டு அவரிடம் இருக்கிறது. என் பணத்தில் வாங்கிய ரவுட்டர், என் அலுவலகம், பாஸ்வேர்டு மட்டும் அவருடையது! “நீங்க தொட்டா செட்டிங் போயிரும்” என்கிறார். ஒவ்வொரு தடவை வந்து பார்க்கவும் 500 ரூபாய். பில் கேட்டால் முகம் மாறுகிறது, “பில்லுன்னா 18 பர்சென்ட் சேருமுங்க” என்று பயமுறுத்துகிறார். ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவளிடம்! 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை.

வேலை செய்ய வந்த தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். மதியம் சாப்பிடாமல் ஏணியில் நின்றான். என்னிடம் பேசிய தொகையில் அவன் கைக்கு என்ன போயிருக்கும்? அவனுக்கு ஒரு கேபிள் டெஸ்டர்கூடக் கொடுத்து அனுப்பவில்லை. எட்டுக் கம்பிக்கும் வரிசையாக விளக்கு எரிகிற சாதாரண டெஸ்டர் சில நூறு ரூபாய்தான். முனையில் ஜோடிக் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்றோ, கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் நெட்வொர்க் கேபிளை நுழைக்கக் கூடாது என்றோ அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆள் அனுப்பிக் காசு பார்க்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

மறுபடியும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஈரோடு, பெருந்துறை, பவானி பக்கம் நல்ல ஆள் தெரிந்தால் சொல்லுங்கள். இடத்தைப் பார்த்துவிட்டு, கேபிள் கம்பெனி, மீட்டர், பாயிண்டுக்குக் கூலி எல்லாம் தனித்தனியாக எழுதித் தர வேண்டும். முழுச் செம்பு கேபிள், ஒவ்வொரு முனையிலும் எண் ஒட்ட வேண்டும், என் கண்முன்னே டெஸ்ட் செய்ய வேண்டும், பாஸ்வேர்டை எழுதிக் கொடுக்க வேண்டும், பில் வேண்டும். 18 சதவீதத்தையும் சேர்த்தே தருகிறேன், பேரம் பேச மாட்டேன். பாதிப் பணம் முன்பணமாகவே கொடுக்கிறேன். அடுத்த 20-ஆம் தேதிக்குள் முடித்துக் கொடுத்தால் போதும்.