முதுமையைக் கவனிக்காத இரண்டாம் பாகம்

கட்டுரையாளருக்கு வணக்கம். துப்பறியும் அதிகாரியும் காவல்துறை நாயும் இணையும் ‘கே-911’ (1999), 1989இல் வந்த ‘கே-9’ படத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் படத்தின் இறுதியில், குண்டடிபட்ட காவல்துறை நாய் ஜெர்ரி லீயை மனிதர்களுக்கான மருத்துவமனைக்கே தூக்கிச் சென்று, மருத்துவரை வற்புறுத்திச் சிகிச்சை செய்யவைத்து, பின்னர் மயங்கிக் கிடப்பதாக நினைத்த அந்த நாயிடம், துப்பறியும் அதிகாரி டூலியாக நடித்த ஜேம்ஸ் பெலூஷி மனம்விட்டுப் பேசும் இடம் ஒன்றே போதும். சிரிப்பும் கண்ணீரும் அங்கே ஒன்றாக வரும். மொரீசியஸில் ஹாலிவுட் படங்களைப் பெரும்பாலும் பிரெஞ்சுக் குரலில்தான் பார்க்கிறோம். வசனத்தின் நயம் பாதி போனாலும் அந்தக் காட்சி எங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் பாட்டியையும் ஒருசேரக் கட்டிப்போட்டது.

இரண்டாம் பாகத்திலோ ஜெர்ரி லீக்கு வயதாகிவிட்டது. டோபர்மேன் நாயோடு ஒரு பெண் அதிகாரி புதிய கூட்டாளியாக வருகிறார். எவ்வளவு நல்ல கரு! ஆண்டுக்கணக்கில் உழைத்த நாய் தளர்வதையும், அதை ஏற்க மனமில்லாமல் டூலி தவிப்பதையும் பொறுமையாகக் காட்டியிருந்தால் நகைச்சுவை தானாகவே பிறந்திருக்கும். அதை விட்டுவிட்டு, டூலியைக் கொல்லத் துடிக்கும் மர்ம ஆசாமியின் பின்னால் கதை ஓடுகிறது. நாய்களோ அரைத்த மாவையே அரைக்கும் வேடிக்கைகளுக்குத்தான் பயன்படுகின்றன. திரையரங்குக்கு வராமல் நேராக வீடியோவில் வெளியான படம் என்பது உண்மைதான். ஆனால் திரைக்கதையில் தெரியும் அலட்சியத்துக்கு அது காரணமாகாது.